நல்லெண்ணம் பாவிய பாதை



ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி அடிபடும் சொற்றொடர் ஒன்று உண்டு. ‘தி ரோட் டு ஹெல் இஸ் பேவ்ட் வித் குட் இன்டென்ஷன்ஸ்’ என்பது அது. ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் அகராதியைப் புரட்டினால் இதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கண்டுவிடுவார். ரோட் என்பது சாலை; ஹெல் என்பது நரகம்; குட் இன்டென்ஷன்ஸ் என்பன நல்லெண்ணங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ‘நரகத்திற்குச் செல்லும் சாலை நல்லெண்ணங்களால் பாவப்பட்டுள்ளது’ என்று முடியும். இஃது என்ன விந்தை! தீய எண்ணம் உடையவனன்றோ நரகத்திற்குப் போக வேண்டும்? நல்லதை நினைத்தவனுக்கு ஏன் அந்த வழி? அகராதி இந்த ஐயத்தைத் தீர்ப்பதில்லை. ஆதலால் இத்தொடரின் பொருளையும், அது வந்த வரலாற்றையும், அதனை எங்கே கையாள வேண்டும் என்பதையும் ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ‘பேவ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டில் வாழும் நமக்குச் சாலை போடுவதைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்ணைச் சமன் செய்து, பெருங்கல் அடுக்கி, இடைவெளியில் சரளை கொட்டி, உருளையால் அழுத்தி, மேலே தார் ஊற்றுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். இவ்வாறு கல் பரப்பித் தளமிடுவதே ‘பேவ்’ என்பதாம். தமிழில் இதற்கு நேரான சொல் ‘பாவுதல்’. கல் பாவிய தெரு என்கிறோம். நாற்றங்காலில் விதையைப் பரப்புவதையும் நாற்றுப் பாவுதல் என்பர். நெசவாளர் தறியில் நீளவாக்கில் பரப்பும் நூலுக்குப் பாவு என்றே பெயர். பரப்பி வைப்பது என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ‘நல்லெண்ணம் பாவி’ என்று எழுதினால், நல்லெண்ணத்தைப் பரப்பி என்றும் படிக்கலாம்; நல்லெண்ணம் உடைய பாவி என்றும் படிக்கலாம். ஆங்கிலேயன் ஒரு வாக்கியம் முழுவதும் சொல்ல வந்ததைத் தமிழ் இரண்டே சொற்களில் விளையாட்டாகச் சொல்லி முடித்துவிடுகிறது!

ஆகவே உவமை இதுதான். ஒருவன் நடந்து செல்கிறான். அவன் காலடியில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஒரு நல்லெண்ணம். ‘நாளை முதல் அதிகாலையில் எழுந்து படிப்பேன்’ என்பது ஒரு கல். ‘அடுத்த சம்பளத்தில் கடனை அடைப்பேன்’ என்பது இன்னொரு கல். ‘நோயுற்றிருக்கும் பெரியப்பாவை இந்த ஞாயிறு போய்ப் பார்ப்பேன்’ என்பது மற்றொன்று. எல்லாம் வழுவழுப்பான கற்கள்; கால் இடறுவதே இல்லை. அதனாலேயே தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

இத்தொடர் எப்போது பிறந்தது? இதன் கருத்து ஐரோப்பாவில் மிகப் பழமையானது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு என்னும் துறவி சொன்னதாக இதையொத்த ஒரு வாசகத்தைப் பின்வந்தோர் வழங்கி வந்தனர். இங்கிலாந்தில் ஜான் ரே என்பவர் 1670-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இக்கருத்து இடம்பெற்றுவிட்டது. ஆங்கில அகராதி செய்து புகழ்பெற்ற டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1775-இல் தம் உரையாடலில் இதனை எடுத்தாண்டார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஜான்சன் காலத்து வடிவத்தில் சாலையே கிடையாது! நரகத்தின் தரைதான் நல்லெண்ணங்களால் தளமிடப்பட்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே போகும் சாலை என்று மாறி நிலைபெற்றது. தரை என்றால் விழுந்த பின் பார்ப்பது. சாலை என்றால் நடந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது. பின்னதில் திரும்பி வருவதற்கு இடமிருக்கிறது. மாற்றியவர் யாராயினும் நல்ல மாற்றமே செய்தார் என்பது நம் கருத்து.

இத்தொடருக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டும் ஒன்றுக்கொன்று வேறானவை. பலர் ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு மற்றதைத் தவற விடுகின்றனர்.

முதற்பொருள், நினைத்ததைச் செய்யாமல் விடுவது. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தக் கேமரன் மலையே போதுமானது. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைக் காடுகளை அளந்து வரைபடம் செய்ய அனுப்பப்பட்டார். மலைகளுக்கிடையே பரந்த மேட்டு நிலம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆனால் அதனைப் படத்தில் தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. செய்தி கேட்ட பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சர் ஹியூ லோ, அங்கே உடல்நலம் தேடுவோர் தங்குமிடமும் விளைநிலமும் அமைய வேண்டும் என்று விருப்பம் தெரிவித்தார். சிறந்த எண்ணம்! காட்டை வெட்டி ஓர் ஒற்றையடிப் பாதையும் போட்டனர். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஓராண்டு ஈராண்டன்று, 40 ஆண்டுகள் அந்த எண்ணம் எண்ணமாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறி வந்து பார்த்த பிறகே வேலை தொடங்கிற்று. 1926-இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கி, 1930-களின் தொடக்கத்தில் தானா ராத்தா வரை முடித்தனர். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பிறகே நம் முன்னோர் கூடையைச் சுமந்துகொண்டு இந்தக் குளிரில் கால் வைத்தனர்.

(அந்த 40 ஆண்டுகள் வீணாயின என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். கேமரன் ‘கண்டுபிடிப்பதற்கு’ முன்பே இக்காடுகளில் வாழ்ந்துவந்த ஒராங் அஸ்லி மக்களைக் கேட்டால், அந்த எண்ணம் இன்னும் நூறாண்டுகள் தூங்கியிருக்கலாமே என்றுகூடச் சொல்லக்கூடும். ஒருவருடைய நல்லெண்ணம் எல்லாருக்கும் நல்லெண்ணமாய் இருப்பதில்லை என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்வோம்.)

இந்த முதற்பொருளைத் தமிழர் அறியாதவர் அல்லர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று பாட்டிமார் கேலி செய்வர். மனக்கோட்டை கட்டுதல், மனப்பால் குடித்தல் என்னும் மரபுத் தொடர்களும் உண்டு. மனப்பால் என்பது எத்துணை அழகிய சொல்! குடித்தவன் வயிறு நிறையாது. ஆனால் குடிக்கும்போது இனிக்கும். நரகத்துச் சாலையைக் காட்டிலும் நம்முடைய பால் அருமையான உவமை என்று சொல்வதில் தவறில்லை. வள்ளுவரோ பழமொழியோடு நிற்காமல், எண்ணியதை முடிக்கும் மனவுறுதிக்கென்றே ‘வினைத்திட்பம்’ என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்து முடிக்கும் முறைக்கென ‘வினைசெயல்வகை’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்து வைத்தார்.

இதுவரை சொன்னவை ஏட்டறிவு. இனிச் சொல்லப்போவது நம் குடும்பங்களின் கதை.

1957 ஆகஸ்ட் 31-இல் நாடு விடுதலை பெற்றது. இந்நாட்டில் பிறந்திருந்தும் பிரஜாவுரிமை இல்லாதிருந்தவர் விண்ணப்பம் செய்து அதனைப் பெறலாம் என்று அரசமைப்புச் சட்டம் வழி செய்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பவருக்கு மலாய்மொழித் தேர்வும் வேண்டுவதில்லை என்று சலுகை இருந்தது. தமிழகத்தில் பிறந்து இங்கு வந்து நெடுங்காலம் உழைத்தவர்களுக்கும் பதிவு செய்துகொள்ளும் வழி இருந்தது. தோட்டந்தோறும் மக்கள் என்ன சொன்னார்கள்? ‘எடுத்துவிட வேண்டியதுதான்’ என்றார்கள். எடுக்கக் கூடாது என்று நினைத்தவர் சிலரே. ‘தீபாவளி கழியட்டும்’, ‘கிராணியாரிடம் பாரம் வாங்கி வர வேண்டும்’, ‘ஒருநாள் பேர் போடாவிட்டால் சம்பளம் போய்விடும்’ என்று சொல்லிக்கொண்டே ஆண்டுகள் ஓடின.

இதனைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேர்மையாகாது. பதிவு அலுவலகம் தொலைவில் இருந்தது. பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குச் சான்று ஏது? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பாரமே ஒரு மலை. என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடலாம் என்னும் நினைவும் பலர் நெஞ்சில் இருந்தது. இவ்வளவும் உண்மை. ஆயினும், போக முடிந்தும் போகாதவர் பலர் இருந்தனர் என்பதும் உண்மையே.

பின்னர் வந்தது 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்றது அது. 1969-இல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு பால்மரம் சீவிய கைகள் திகைத்து நின்றன. அந்த ஆண்டு மே 13 கலவரத்தின் அச்சமும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினர். கணவனுக்குச் சிவப்புக் கார்டு, மனைவிக்கு நீலக் கார்டு என்று இருந்த வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியவர்களில் பலருக்கு அங்கே வீடும் இல்லை, நிலமும் இல்லை. பெயர் சொல்லி அழைக்க ஆளும் இல்லை. ‘எடுத்துவிட வேண்டியதுதான்’ என்ற அந்த நல்லெண்ணம் பாவிய சாலை அங்கே கொண்டுபோய் விட்டது. இத்தொடரில் வரும் நரகம் என்பது இறந்த பின் போகுமிடம் மட்டுமன்று என்பதை எங்கள் தாத்தா, பாட்டி தலைமுறையினருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில், எண்ணம் செயலான கதையும் ஒன்று உண்டு. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயமும் போயிற்று, வேலையும் போயிற்று. ‘நாமே ஒரு தோட்டம் வாங்கினால் என்ன?’ என்று பலர் பேசினர். பேசியவர்களில் துன் வீ.தி. சம்பந்தனார் பேச்சோடு நிற்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. ஒரு பங்கு 100 வெள்ளி. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. ஆதலால் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்பாடு செய்தனர். சம்பந்தனார் தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்து வாசலில் நின்று பேசினார். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் வந்தன.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது அந்த 10 வெள்ளியை. ‘தோட்டம் வாங்க வேண்டும்’ என்பது மலையளவு எண்ணம். அதனை எந்தத் தொழிலாளியும் ஒருநாளில் செய்ய முடியாது. ‘இந்த மாதம் 10 வெள்ளி’ என்பதோ கைக்கு அடங்கும் செயல். எண்ணத்தைச் சிறு சிறு செயலாக நறுக்கியவர் வென்றார். தேயிலை மலையிலும் அப்படித்தானே? முழு மலையையும் பார்த்தால் மலைப்பு வரும். கையிலுள்ள நிரையைப் பார்த்தால் கொழுந்து கூடையில் விழும்.

இன்றும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. தீபகற்ப மலேசியாவில் பிறக்கும் குழந்தையை 60 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய விதி. அந்நாளைக் கடந்தால் தாமதப் பதிவு. விசாரணை, சாட்சி, கூடுதல் தாள்கள் என்று வேலை பெருகும். அவ்வாறே, 1982 மார்ச் 1 முதல் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்வதும் கட்டாயம். கோயிலில் தாலி கட்டிவிட்டு, ‘பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடும் தம்பதியர் இன்னும் இருக்கின்றனர். தாய் இந்நாட்டுக் குடிமகளாக இல்லாவிட்டால், அந்தப் பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வந்து சேராது. பள்ளியில் சேர்க்கும்போது தடுமாற்றம். 12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போது பெருந்தடை. இவ்வளவுக்கும் காரணமான பெற்றோர் தம் பிள்ளைக்குத் தீங்கு நினைத்தவர்களா? இல்லவே இல்லை. எல்லாம் நல்லெண்ணமே! இதழைப் படித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் யாரேனும் அந்தத் தாளை இன்னும் வாங்காமல் இருந்தால், கட்டுரையின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் பொருள். இது முதலாவதிலும் கடுமையானது. முதற்பொருளில் செய்யாமையே குற்றம். இங்கோ செய்ததே தீங்காய் முடிகிறது. நல்லது செய்யப் புகுந்து, தீயது விளைவித்தல். இதற்குத் தமிழில் அச்சுக்கு அச்சாகப் பொருந்தும் பழமொழி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதாம். மண்ணைப் பிசைந்தவனின் கருத்தில் பக்தி இருந்தது. கையில் குரங்கு இருந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கரும்புத் தோட்டங்களை வண்டுகள் அழித்துவந்தன. அவற்றைத் தின்னும் என்று நம்பி 1935-இல் ஹவாய்த் தீவிலிருந்து ஏறத்தாழ நூறு பெருந்தேரைகளைக் கொண்டுவந்தனர். வண்டோ கரும்பின் உச்சியில், தேரையோ தரையில். வண்டின் புழுவோ மண்ணுக்குள். தேரை வண்டைத் தொடவே இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் பெருகியது. அதன் தோலில் உள்ள நஞ்சால், அதனைத் தின்ற உள்நாட்டு விலங்குகள் மடிந்தன. இன்றும் அந்நாட்டார் அத்தேரையோடு போராடுகின்றனர்.

அதைவிட நமக்கு நெருங்கியது சீமைக் கருவேல மரத்தின் கதை. தமிழகத்தின் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே பலர். அச்சீமைக்கு இரயிலிலோ பேருந்திலோ போனவர்கள் கண்டிருப்பர்: கண்ணுக்கெட்டிய தூரம் முள்மரம். அம்மரம் அந்த மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870-களில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. நோக்கம் மிகவும் உயர்ந்தது. மழையில்லாத நிலத்தில் ஏழைகளுக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டும். வெற்று மண் பசுமையாக வேண்டும். காட்டை வெட்டாமல் காக்க வேண்டும். இதில் எதையாவது குறை சொல்ல முடியுமா?

மரம் சொன்னபடியே வளர்ந்தது. சொன்னதற்கு மேலும் வளர்ந்தது. ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றைத் தின்று, போகுமிடமெல்லாம் விதையைப் போட்டன. கண்மாய்க்குள் புகுந்தது, வாய்க்காலை அடைத்தது, விளைநிலத்தைப் பிடித்தது, பழைய மரஞ்செடிகளை நெருக்கித் தள்ளியது. அதனை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஆணையிடும் அளவுக்கு வழக்குப் போயிற்று. 2022-இல் தமிழக அரசு இத்தகைய அயல் தாவரங்களை ஒழிப்பதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வானம் பொய்த்த ஆண்டுகளில், அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கஞ்சி குடித்தன. விறகு கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நிறைவேறத்தான் செய்தது! ஆகவே குரங்கு முழுக்கக் குரங்குமன்று. உலகத்துச் செய்திகள் பெரும்பாலும் இப்படிக் கலந்தே இருக்கின்றன. பழமொழிகள்தாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுகின்றன.

வீட்டிற்குள்ளும் இந்த இரண்டாம் பொருள் நடமாடுவதைக் காணலாம். பிள்ளை களைத்துப் போயிற்றே என்று இரக்கப்பட்டு, வீட்டுப் பாடத்தைத் தாமே எழுதிக் கொடுக்கும் அக்காள்மார் உண்டு. எழுத்து அழகாக இருக்கும். பிள்ளைக்குக் கணக்கு வராது. பேரப் பிள்ளை அழக்கூடாது என்று டின் பால் கலந்த தேநீரைப் பாட்டி பொழுதுக்கும் ஊட்டுவார். ஆசிரியை வாயைத் திறக்கச் சொன்னால் முன்பல் நான்கும் கறுத்திருக்கும். ‘தமிழ் தானாக வந்துவிடும், ஆங்கிலம் பழகட்டும்’ என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோரையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். ஒருவரிடத்தும் அன்புக்குக் குறைவில்லை. அன்பு போதும் என்று நினைத்து, விளைவைப் பார்க்காமல் விட்டதுதான் குறை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘எண்ணம் ஒன்றே போதும் என்று நம் பெரியோர் சொல்லவில்லையா? பூசலார் நாயனாரை மறந்தீர்களோ?’ என்று படித்தவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் பூசலார், திருநின்றவூரில் சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பினார். பல இடங்களில் முயன்றும் பொருள் கிடைக்கவில்லை. மனத்திற்குள்ளேயே கோயில் கட்டினார். அதே வேளையில் பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் பெருங்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் அவன் கனவில் வந்து, ‘அந்நாளில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்’ என்று சொன்னதாகக் கதை. மன்னன் நின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடினான். அங்கே கோயில் இல்லை. பூசலார் மட்டுமே இருந்தார்.

எண்ணம் செயலை வென்ற கதைபோல் இது தோன்றும். ஆயினும் பூசலார் செய்ததைக் கவனியுங்கள். முதலில் அவர் வெளியே சென்று பொருள் தேடினார். அது முடியாமற் போன பிறகே மனத்துள் புகுந்தார். அங்கும் ‘கோயில் கட்டியாயிற்று’ என்று ஒரே மூச்சில் நினைத்து முடிக்கவில்லை. கல்லும் மரமும் சேர்த்தார்; தச்சரைத் தேடினார்; நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டார்; இரவும் உறங்காமல் படிப்படியாக எழுப்பினார்; சிகரம் வைத்தார்; சுதை பூசினார்; கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். நெடுநாள் உழைப்பு அது. உள்ளத்திற்குள் நடந்தாலும் அது வேலையே. மனப்பால் குடிப்பவரோ தச்சரைத் தேடுவதில்லை. ஆங்கிலத்திலும் ‘டேக் த வில் ஃபார் த டீட்’ என்று ஒரு தொடர் உண்டு. முயன்றும் முடியாமற் போனவனுடைய மனத்தையே செயலாக ஏற்றுக்கொள் என்பது அதன் கருத்து. நம் தொடருக்கு அது உடன்பிறந்த எதிரி எனலாம். பூசலாருக்குப் பொருந்துவது அதுவே.

இறுதியாக, கையாளும் முறை. இத்தொடரைச் சொல்லும் இடமறிந்து சொல்ல வேண்டும். ஒத்திப் போடுகிறவனிடம், அவன் ஒத்திப் போடும்போதே சொல்லலாம். ஒரு திட்டம் தீட்டுகிறவர்களிடம், விளைவை எண்ணிப் பாருங்கள் என்று எச்சரிக்கவும் சொல்லலாம். ஆனால் உதவி செய்யப் போய்த் தோற்று, தலைகுனிந்து நிற்பவரிடம் சொல்வது புண்ணில் உப்பிடுவது போலாகும். ஒருவர் ஊருக்கு நல்லது செய்ய முன்வரும்போதெல்லாம் இதைச் சொல்லி மட்டந்தட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது தொடரின் பொருளையே தலைகீழாக்குவது. செய்யாமல் இருப்பதைக் கண்டிக்கப் பிறந்த சொல், செய்யாமல் இருப்பதற்குச் சாக்காகிவிடுகிறது.

இதோடு ஒட்டிய மற்றொரு தொடரையும் மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். ‘ஹி மீன்ஸ் வெல்’ என்பர் ஆங்கிலேயர். ‘அவர் எண்ணம் நல்லது’ என்பது நேர்ப்பொருள். இதனைப் பாராட்டு என்று கருதி எவரும் மகிழ்ந்துவிட வேண்டா! எண்ணம் நல்லது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், செயல் சரியில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். நாமும், ‘நல்ல மனுஷன்தான்…’ என்று இழுத்து நிறுத்துவதில்லையா? அந்த இழுப்பில்தான் முழுப் பொருளும் இருக்கிறது.

எழுத்தில் இத்தொடரை முழுமையாக எழுதுவர். பேச்சிலோ ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘தி ரோட் டு ஹெல்…’ என்று தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டுத் தலையை ஆட்டுவர். மீதியைக் கேட்பவரே முடித்துக்கொள்வார். நம் தாய்மார் குழாயடியில், ‘பிள்ளையார் பிடிக்கப் போயி…’ என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நடப்பதும் அவ்வாறே.